பென்சிலில் போட்ட டிக்குகள்

தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். கேட்டதற்கு முதுகுவலி என்றார். நம்பினேன். நவம்பர் மாத டெல்லியில் யாருக்குத்தான் மூச்சு ஒழுங்காக இருக்கிறது? ஜனக்புரியில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இருமல் கேட்டது. அப்பா மாடிப்படியின் நடுவில் நின்று நின்று ஏறுவதையும் புகையின் கணக்கில் சேர்த்தேன். பத்து மாடல்களை ஒப்பிட்டுப் பார்த்து, காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்கி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் பச்சை விளக்கு எரியும்போதெல்லாம் நிம்மதியாக இருந்தேன்.

அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. அவருடைய கடைசி நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதற்குப் பதினான்கு மாதம் முன்பு, அந்தத் தீபாவளியை அடுத்த ஜனவரியில், அவர் மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாட்களைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது. முழுவதையும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் முதுகுவலி என்று சொல்லி நாற்காலியில் தூங்கினால் இது உதவலாம்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் டெல்லிக்கு வந்தவர். ஓர் அமைச்சகத்தின் ஆவணப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, அதே பிரிவில் அதிகாரியாக ஓய்வு பெற்றார். நான் அவர்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பெண். குருகிராமில் ஒரு நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு திரும்பியது, ஆனால் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும். திங்கள், புதன், வெள்ளி காலையில் அப்பா அவளை மெட்ரோவில் பிசியோதெரபிக்கு அழைத்துப்போவார். அங்கே பூஜா என்ற பெண் பயிற்சி கொடுத்தாள். நான் கூடப்போன ஒருநாள் பார்த்தேன். பூஜா சொல்லிக்கொண்டே இருந்தாள்: "அங்கிள், ஹாத் சோடியே. கையை விடுங்க, ஆன்ட்டி தானா நடப்பாங்க."

"அச்சா, அச்சா" என்று அப்பா நான்கு விரல்களை எடுத்துவிட்டு ஐந்தாவதை அம்மாவின் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அங்கிள், அந்த ஒண்ணும்."

"ஒத்த விரல்தானம்மா. அதுவும் கைன்னு கணக்கா?"

அக்டோபரில் வழக்கமான பரிசோதனையின்போதே டாக்டர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஹார்ட் ஃபெயிலியர். அதைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும். அப்படியில்லை. இதயம் ஒரு பம்ப். அது தளர்ந்துபோனால் வந்த இரத்தத்தை முழுவேகத்தில் வெளியே தள்ள முடியாது. பின்னால் தேங்கும் நீர் கால்களில் வீக்கமாகவும், நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் வரும். படுத்தால் திணறல் கூடும், உட்கார்ந்தால்தான் தூங்க முடியும். அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்ற ஒரு மாத்திரை. எல்லாரும் நீர் மாத்திரை என்றுதான் சொல்வார்கள். போட்ட அரைமணி நேரத்தில் வேலையை ஆரம்பித்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஆளைக் கழிப்பறைக்கும் நாற்காலிக்குமாக அலைய வைக்கும்.

நான் உடனே ஓர் அட்டவணை தயாரித்தேன். ஐந்து மாத்திரைகள், நேரம், அளவு, ஏழு நாட்கள், டிக் போடக் கட்டங்கள். நீர் மாத்திரைக்கு நேரே "காலை 8.00" என்று தடித்த எழுத்தில் போட்டேன். வாரத்துக்கு ஒரு தாள் அச்சடித்துக் குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். பக்கத்தில் அம்மாவின் பயிற்சிக்கும் ஒரு தாள். அப்பா ஒரு கட்டத்தைக்கூட விடாமல் டிக் போட்டார். ஞாயிறுதோறும் நான் தாளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று ஒட்டுவேன். எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்ததால் இதயம் என்ற விஷயத்தை மனத்துக்குள் மூடி வைத்துவிட்டேன். அதனால்தான் நவம்பரில் புகையைச் சந்தேகப்பட்டேன்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, பிசியோவுக்குப் போகும் வழியில், மெட்ரோ நடைமேடையில் அப்பா மூச்சுவிட முடியாமல் பெஞ்சில் சரிந்தார். அங்கிருந்த பெண் காவலர் எனக்குப் போன் செய்து ஹிந்தியில் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "உங்க அப்பா ஸ்ட்ரெச்சர்ல ஏற மாட்டேங்கிறார். ஆன்ட்டி கையை விட மாட்டேங்கிறார்." கடைசியில் இருவரையும் ஒரே ஆம்புலன்சில் ஏற்றினார்கள்.

நான் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தில் இறுக்கமான முகமூடி. அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, நீர் நிரம்பிய நுரையீரலை விரித்து வைக்கும் கருவி அது. போட்டுக்கொண்டவரால் பேச முடியாது. அவர் கையால் மூன்று சைகை செய்தார். அம்மா எங்கே, அம்மா சாப்பிட்டாளா, நீ ஏன் ஆபீஸை விட்டு வந்தாய். மூன்றுக்கும் பதில் சொன்னேன். அம்மாவை எங்கள் கீழ்வீட்டு சரோஜ் ஆன்ட்டி வந்து அழைத்துப்போயிருந்தார். அன்றிலிருந்து ஒன்பது நாளும் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். எனக்கு டப்பாவில் பராட்டா அனுப்பியவரும் அவர்தான். பையைத் திறந்தால் மேலே ஒரு சீட்டு இருக்கும்: "கா லேனா, பேட்டா." சாப்பிட்டுவிடு, மகளே. அதைப் பார்க்காமல் நான் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

முதல் மூன்று நாட்கள் பரிசோதனைகள். எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். வலிக்காது, குளிர்ந்த களிம்பைத் தடவி ஒரு கருவியை நெஞ்சில் உருட்டுவார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அதில் தெரியும். பாதிக்கு மேல் தள்ளினால் நல்லது. அப்பாவின் இதயம் மூன்றில் ஒரு பங்குகூடத் தள்ளவில்லை. பம்ப் பெருத்துப்போனதால் அதன் உள்ளே ஒரு வால்வின் கதவுகள் சரியாக மூடாமல் இரத்தம் பின்னுக்குக் கசிந்துகொண்டிருந்தது. கிரியாட்டினின் என்று ஓர் இரத்தப் பரிசோதனை. அது ஏறினால் சிறுநீரகம் களைத்திருக்கிறது என்று பொருள். அது ஏறியிருந்தது.

காத்திருப்பு அறையில் இரும்பு நாற்காலிகள், நான்கு நான்காகப் பிணைத்தவை. ஒருவர் எழுந்தால் மற்ற மூவரும் ஆடுவோம். ஒலியில்லாத தொலைக்காட்சி. கூட இருப்பவருக்கு ஒரே ஒரு அனுமதி அட்டை. ஹீட்டருக்கு அடியில் உள்ள இடம் முதலில் வந்தவருக்கு. இரவுகளைப் பற்றி எழுத மாட்டேன். அங்கே இரவும் அதே விளக்கு வெளிச்சத்தில்தான் நடந்தது. பில்களில் பெரும்பகுதியை ஓய்வூதியர் அட்டை பார்த்துக்கொண்டது. அந்த அட்டை இல்லாதவர்கள் கவுண்டரில் நின்றதை நான் ஒன்பது நாளும் பார்த்தேன்.

இரண்டாம் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். புகைப்பழக்கம்? இல்லை. மது? இல்லை. முன்பு அறுவைசிகிச்சை? இல்லை. முன்பு மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா? இல்லை. எல்லாக் கட்டத்திலும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு வருடத்தில் அந்தப் படிவத்துக்குக் கொடுக்க அப்பாவிடம் ஒன்றும் இல்லை. கேட்டிருந்தால் நான் வேறு நிறைய எழுதியிருப்பேன்.

அரசுக் குடியிருப்பில் இருந்த காலத்தில் குளிர்நாட்களில் கம்பி ஹீட்டரை வாளிக்குள் போட்டு வெந்நீர் வைப்பார். முதல் வாளி எனக்கு, பள்ளிக்கூட நேரம் என்பதால். இரண்டாவது அம்மாவுக்கு. மூன்றாவது வாளிக்குள் அவருக்கு அலுவலகப் பேருந்து வந்துவிடும், குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு ஓடுவார். அம்மா கர்ப்பப்பை அறுவைசிகிச்சைக்குப் படுத்திருந்தபோது அண்டைவீட்டு அம்மாளிடம் இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். அவர் போடும் பின்னலில் ஒன்று எப்போதும் மேலே இருக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் அம்மாவுக்கு இட்லி அரிசி, நல்லெண்ணெய், முருங்கைக்காய் வாங்கி வருவார். முருங்கைக்காயைப் பேருந்தில் ஒடியாமல் கொண்டுவருவதற்காகவே பழைய குடையுறை ஒன்று வைத்திருந்தார். கௌஹாத்திக்கு மாற்றலோடு வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார், என் பத்தாம் வகுப்புக்காக. அது அவர் சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. அவர் ஓய்வு பெற்ற அன்று மேடையில் வேறொருவர் சொன்னார்.

மூன்றாம் நாள் முகமூடியை எடுத்தார்கள். நரம்பு வழியாக மருந்து போய் நிறைய நீர் இறங்கியிருந்தது. அப்பா பேசிய முதல் வாக்கியம்: "கோமதி, இந்த ஊர்ல தாகத்துக்குத் தண்ணி கேட்டா அளவுசாடி எடுத்துட்டு வாராங்க."

ஒருநாளைக்கு ஒன்றேகால் லிட்டர்தான் குடிக்கலாம், சூப்பும் பாலும் சேர்த்து. அவர் காலையிலிருந்து தண்ணீரைச் சேமித்து மாலைக் காபிக்கு வைத்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கையில் இருந்த கன்னா என்ற முதியவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். "மதராசி பாய் சாப் காபிக்காகவே உயிர் பிழைச்சிருக்கார்!"

நான்காம் நாள் காலை இதய மருத்துவர் டாக்டர் அரோரா வந்தார். என்னைவிட நான்கைந்து வயதே மூத்த பெண்மணி. மாத்திரைகளை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டார். நான் காத்திருந்த கேள்வி. போனைத் திறந்து பதினான்கு வாரப் புகைப்படங்களையும் தள்ளித் தள்ளிக் காட்டினேன். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

"எல்லா நோயாளிக்கும் இப்படி ஒரு மகள் வேண்டும்" என்றார். பிறகு முகம் மாறியது. "அப்படியானால் மருந்து முழுக்கப் போயும் இந்த நிலை. மாத்திரையால் முடியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்."

அடுத்த படி என்ன என்று விளக்கினார். கசியும் வால்வில் ஒரு சிறு கிளிப். நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடையில் உள்ள இரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோவார்கள். அதற்கு முன்னால் ஆஞ்சியோகிராம், அதாவது சாயத்தைச் செலுத்தி இதயக் குழாய்களைப் படம் எடுப்பது. களைத்த சிறுநீரகத்தை அந்தச் சாயம் இன்னும் கெடுக்கலாம். ஒருவேளை டயாலிசிஸ் வரை போகலாம். "ஆபத்து இருக்கிறது. ஆனால் வேறு வழி தெரியவில்லை. நாளை மறுநாள் ஆஞ்சியோ. இன்று மாலைக்குள் கையெழுத்து வேண்டும். மாத்திரை அட்டவணையின் அசலைக் கொண்டுவாருங்கள், ஃபைலில் வைக்கிறேன்."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் போனதும் "கையெழுத்துப் போட்ரு" என்றார்.

மதியம் வீட்டுக்குப் போனேன். குளித்தேன். அம்மா சரோஜ் ஆன்ட்டியோடு கீழே இருந்தாள். சமையலறை இழுப்பறையிலிருந்து பழைய தாள்களை எடுத்து, குளிர்பெட்டியின் கதவில் இருந்ததையும் கழற்றி, வரிசைப்படுத்துவதற்காகப் பால்கனிப் பக்கம் போனேன். பனி விலகிக் கொஞ்சம் வெயில் வந்திருந்தது. தாளைச் சாய்த்துப் பிடித்தபோது சில டிக்குகள் மினுங்கின. சில மினுங்கவில்லை.

செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு: கறுப்புப் பேனா. திங்கள், புதன், வெள்ளி: மினுங்கும் பென்சில். நீர் மாத்திரை வரிசையில் மட்டும். பதினான்கு வாரமும் அப்படியே.

அப்பாவின் ஆவணப் பிரிவில் வருடத்துக்கு ஒருமுறை எல்லா ஃபைல்களையும் சரிபார்ப்பார்கள். கையில் எடுத்துப் பார்த்த ஃபைலுக்குப் பேனாவில் டிக். "இருக்கு சார், ஆபீசர் மேசை மேல இருக்கு" என்று யாராவது சொன்ன ஃபைலுக்குப் பென்சிலில். பென்சில் டிக்கை நம்பி எந்த அறிக்கையும் மேலே போகக்கூடாது. நான் ஆறாம் வகுப்பில் சுற்றுலா போனபோது பெட்டியில் வைக்க வேண்டியவற்றின் பட்டியலைக்கூட அப்படித்தான் சரிபார்த்தார். "சாக்ஸ் வச்சிட்டேன்" என்று நான் சொன்னால் பென்சில். பெட்டியைத் திறந்து சாக்ஸைத் தொட்ட பிறகு பேனா.

நான் மேலே எழுதினேனே, பிழை கண்டுபிடிப்பது என் வேலை என்று. பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் புகைப்படம் பிடித்திருக்கிறேன். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவருடைய சவரப் பொருட்கள் இருக்கும் அலமாரியில் ஒரு பிஸ்கட் தகரடப்பா. உள்ளே பத்து மாத்திரை கொண்ட நான்கு முழு அட்டைகள், வெட்டி எடுத்த இரண்டு மாத்திரைகள். வாரத்துக்கு மூன்று, பதினான்கு வாரம். சரியாக இருந்தது.

மருத்துவமனைக்குத் திரும்பும்போது ஆட்டோவில் கோபம் வந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றதும் கோபம் போய்க் களைப்பு மட்டும் இருந்தது. தாள்களை அவர் மடியில் வைத்தேன்.

அவர் ஒரு நிமிடம் பார்த்தார். "வெயில்ல பாத்தியோ?"

"ஏம்ப்பா?"

"சத்தம் போடாத. கன்னா தூங்குதாரு."

"நான் சத்தமே போடல. ஏன்?"

"அந்த மாத்திரயப் போட்டுட்டு மெட்ரோல ஏறிப் பாரு, தெரியும். கால் மணிக்கு ஒருக்க ஓடணும். ஒங்கம்மாவ நடைமேடைல யாரு கைல குடுத்துட்டுப் போவேன்? நீ சார்ட் ஒட்டுமுன்னயே ஒருநாள் ஒரு ஆளுகிட்ட பாத்துக்கப்பான்னு சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தா அந்த ஆளக் காணோம். இவ தூணப் பிடிச்சிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கா. அதுக்கப்புறம் பிசியோ நாள்ல போடல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பிசியோவ நிறுத்திருவ."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நவம்பரில், அவர் படியில் நின்று நின்று ஏறியபோது, நான் சொல்லியிருந்தேன்: "புகை குறையற வரைக்கும் பிசியோ வேண்டாம்ப்பா. மூணு வாரம் போகலைன்னா ஒண்ணும் ஆயிடாது." அடுத்த பிசியோ நாளும் அவர் அம்மாவோடு மெட்ரோ ஏறினார்.

"அவ கால் இப்பத்தான் ஊன ஆரம்பிச்சிருக்கு" என்றார். "நான் இருக்கைலயே அவ தானா எந்திரிச்சி நாலு எட்டு நடந்துரணும். நாளைக்கி நீ வேலைக்கிப் போயிட்டேன்னா யாரு அவளக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போவா? ஆள் வச்சிப் பாத்துக்கிடலாம்னு சொல்லாத. அவ வெக்கப்படுவா. தண்ணியே குடிக்காமக் கெடப்பா."

"அப்ப ஏன் டிக் போட்டீங்க?"

"பென்சில்லதான போட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. "நீ கேக்கவே இல்லயே. ஞாயித்துக்கெழமயானா வாரது, போட்டோ எடுக்கது, போறது."

இருமல் நின்றதும் குரலைத் தாழ்த்தினார். "டாக்டரம்மாட்ட சொல்லாத. கிளிப்பப் போடட்டும்."

"எதுக்கு?"

"கிளிப் போட்டா நீர் மாத்திர வேண்டாமாம். தெனமும் அவளக் கூட்டிட்டுப் போலாம்."

"யாரு சொன்னா?"

அவர் கண்ணால் பக்கத்துப் படுக்கையைக் காட்டினார். கன்னாவுக்கு வைத்திருந்தது பேஸ்மேக்கர். இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அப்பா, கிட்னி போயிடுச்சுன்னா நீங்க வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ்ல படுத்திருக்கணும். அதே திங்கள், புதன், வெள்ளி."

"போவாது."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். சொல்லாதன்னா சொல்லாத." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் வாழ்க்கையில் அப்பா எனக்கு முதுகைக் காட்டியது அப்போதுதான்.

வெளியே வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் கையெழுத்துப் படிவம். ஒரு காகிதத்தில் இரண்டு பட்டியல் எழுதிப் பார்த்தேன், சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று. சொல்லாவிட்டால் தேவையில்லாத ஒரு சிகிச்சை, சிறுநீரகத்துக்கு ஆபத்து. சொன்னால் அப்பா என்னிடம் பேசாமல் போகலாம், அம்மாவின் பிசியோ நிற்கலாம். அவர் கேட்டதெல்லாம் அம்மாவுக்காக. அதுவும் தெரிந்துதான் அந்தப் பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தேன். மாலை ஐந்து மணிக்கு எழுந்துபோய் டாக்டர் அரோராவின் அறையைத் தட்டினேன். தாள்களையும் தகரடப்பாவையும் மேசையில் வைத்தேன்.

அவர் பென்சில் டிக்குகளை விரலால் தேய்த்துப் பார்த்தார். நான் திட்டுக்கு என்னைத் தயார் செய்துகொண்டேன். அவர் எழுந்து, "வாருங்கள்" என்று என்னோடு வார்டுக்கே வந்துவிட்டார்.

"அங்கிள், இந்த மாத்திரையைக் காலை எட்டு மணிக்குத்தான் போடணும்னு யார் சொன்னது?"

அப்பா என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சார்ட்ல இருக்கு" என்று ஹிந்தியில் சொன்னார்.

"பிசியோ முடிஞ்சு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"பன்னிரண்டரை."

"அப்படின்னா ஒரு மணிக்குப் போடுங்க. ரொம்ப நேரம் கழிச்சுப் போட்டா ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான். ஒரு மணி நல்ல நேரம்."

"ஒரு மணிக்கா?" என்றார் அப்பா. "போடலாமா?"

"போடலாம்."

பதினான்கு வாரம் அவரிடமோ என்னிடமோ அந்த ஒரு கேள்வி வரவில்லை. எட்டு என்று எழுதினால் அப்பாவுக்கு எட்டுதான். எட்டு மணிக் கட்டத்தில் ஒரு மணி மாத்திரையைக் காட்டுவது அவருக்குத் தவறான பதிவு. போடாத மாத்திரைக்குப் பென்சிலில் டிக் போடுவதாவது அவருடைய பிரிவில் உள்ள வழக்கம். எட்டு என்று ஏன் எழுதினேன் என்று இப்போது யோசித்தால், அக்டோபரில் டாக்டர் "காலையில்" என்றுதான் சொல்லியிருந்தார். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நான்தான் ஒரு எண்ணைப் போட்டேன்.

கிளிப்பைத் தள்ளிவைத்தார்கள். மாத்திரை தினமும் போய் மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். அன்று மாலைக் காபியில் பாதியை அப்பா மூடியில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். அன்றைய தண்ணீர்க் கணக்கில் அது பெரிய பங்கு.

ஏழாம் நாள் சரோஜ் ஆன்ட்டி போனை அம்மாவிடம் கொடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஏங்க" என்றாள் அம்மா. நீண்ட இடைவெளி. "நான்... நடந்தேன்."

"யாரு பிடிச்சா?"

"யாரும்... இல்ல. கட்டில்லருந்து... ஃபிரிஜ் வரைக்கும்."

"சரோஜ் பாத்தாங்களா?"

"இல்ல. சரோஜ்... கீழ இருந்தா."

"அச்சா" என்றார் அப்பா. போனை வைத்ததும் என்னிடம், "நான் சீக்கிரம் வரணும்னு சும்மா சொல்லுதா" என்றார். அவளுடைய வயதிலும் அந்த நிலையிலும் அது முடியாது என்று எனக்கும் தோன்றியது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அம்மாவின் பயிற்சித் தாளுக்கு முன்னால் போய் நின்றார். "தனியாக, பிடிமானம் இல்லாமல்" என்ற வரிசையில் அதுவரை ஒரு டிக்கும் இல்லை. பென்சிலை எடுத்து ஒன்று போட்டார்.

"நம்பலையா?" என்று அம்மா கட்டிலில் இருந்து கேட்டாள்.

"கண்ணால பாக்கல்லயே ஏளா. நடந்து காட்டு, பேனாவ எடுக்கேன்." சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் நீர் மாத்திரையின் நேரத்தை அடித்து ஒரு மணி என்று திருத்தினேன். குளிர்பெட்டியின் மேலே இருந்த அப்பாவின் போனில் ஒரு மணிக்கு அலாரம் வைத்தேன். தினமும் அது அடித்ததும் அம்மா கட்டிலில் இருந்தே "ஏங்க, மாத்திர" என்பாள். அப்பா போடுவார், பேனாவில் டிக் போடுவார். ஞாயிற்றுக்கிழமை நான் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் எடுத்து வைப்பேன். "வெளங்காத பிள்ள" என்று சிரிப்பார். மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவில் கசிவு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. திங்கள், புதன், வெள்ளி மெட்ரோ. பூஜா கையை விடச் சொல்வாள், அவர் ஒரு விரலை வைத்துக்கொள்வார். அப்படிப் பதினான்கு மாதம் கிடைத்தது.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செய்தித்தாளைப் படித்து மடித்து வைத்துவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்றார். நாற்காலியில் இல்லை, படுக்கையில்தான் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊரிலிருந்து வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் நான் வீட்டிலிருந்து வேலையைத் தொடங்கினேன். ஏதோ கூட்டம், திரையில் எட்டு முகங்கள். ஒரு மணிக்கு அலாரம் அடித்தது. இத்தனை நாளும் யார் யாரோ அதை அணைத்திருக்கிறார்கள், அதை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. நான் எழுவதற்குள், திறந்த கதவு வழியே, அம்மா கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பதைப் பார்த்தேன். அவளுடைய ஊன்றுகோல் சுவரோரம் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. வலது காலை அரை வட்டமாக இழுத்து வைத்து, இடது காலைக் கொண்டுவந்து சேர்த்து, ஒன்பது அடி எடுத்து வைத்தாள். இடது கையால் போனின் அலாரத்தை நிறுத்தினாள்.

"ஒரு மணி... ஆயிட்டு" என்றாள், என்னைப் பார்த்து.

"ஆமாம்மா."

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். நான் கை கொடுக்கவில்லை. அவள் போய்க் கட்டிலில் உட்காரும்வரை கதவருகே நின்று பார்த்தேன். அதன்பின் இழுப்பறையிலிருந்து அம்மாவின் போன வருடத்து ஜனவரிப் பயிற்சித் தாளைத் தேடி எடுத்து, அப்பாவின் கறுப்புப் பேனாவால், அவருடைய பென்சில் டிக்கின் மேலேயே ஒரு டிக் போட்டேன்.